ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று எழுபத்தொரு அழைப்பு. மதியத்துக்கு மேல் குரல் கிழிந்துவிட்டது. வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று சண்டை போடக் கூப்பிட்ட ஒரு பெண், பாதியில் நிறுத்தி, "அழறீங்களா மேடம்?" என்றாள். இல்லை, தொண்டை சரியில்லை என்றேன். "என் மெஷின் கிடக்கட்டும், முதல்ல நீங்க டாக்டரைப் பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

நேற்றே பார்த்தாயிற்று. எழுதினால் உறுதியாகிவிடும் என்று நேற்று எழுதவில்லை.

குரல் நாணில் ஒரு கட்டி. கடுகளவு. ஆபத்தான வகை இல்லையாம், ஆனால் எடுத்தாக வேண்டும். 26ஆம் தேதி ஆபரேஷன். குரல் பழையபடி வருமா என்று கேட்டேன். "பெரும்பாலும் வந்துடும்மா." பேசுவதற்கா, பாடுவதற்கா? கேட்க வாய் வரவில்லை. கதவு வரை போய்த் திரும்பி வந்து கேட்டேன். டாக்டர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார்.

"பாடுவீங்களா?"

யாரிடமும் ஒத்துக்கொள்ளாததை அவரிடம் ஒத்துக்கொண்டேன். பேச்சைக் குறைக்கணும், பாட்டு ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், அதற்கு மேல் கூடாது என்றார். உச்சத்தில் பாடுகிற ஸ்வரங்களைப் பற்றிக் கேட்டபோது மட்டும், "அதை இப்பவே சொல்ல முடியாது" என்றார்.

மார்ச் 4

ஏழு பாட்டு. நான்கு வருடம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் போட்ட மெட்டுகள். எதையும் யாரும் கேட்டதில்லை. போனில் ஒருமுறை பதிவு செய்து பார்த்தேன். கீபோர்டும் குரலும் ஒன்றையொன்று மிதித்தன. யாராவது போனை எடுத்துக் கேட்டுவிடுவார்களோ என்று அன்றே அழித்தேன்.

26க்குப் பிறகு இந்தக் குரல் இல்லாமல் போனால், ஏழும் எங்கே இருக்கும்?

மார்ச் 6

வேலை முடிந்து இசைக்கருவிக் கடைக்குப் போனேன். வாசலில் இரண்டு தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். கடைக்காரரே வெளியே வந்து, "உள்ள வாங்க, கடிக்க மாட்டேன்" என்றார்.

வீட்டில் பாட்டு பதியணும் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். இரண்டு வழி இருக்கிறதாம். ஒன்று, என்னுடைய பழைய லேப்டாப்போடு இணைக்கிற சின்னப் பெட்டி ஒன்றும் மைக்கும். இன்னொன்று, கம்ப்யூட்டரே வேண்டாத ரெக்கார்டர். சாப்பாட்டுத் தட்டு அளவு. எட்டு ட்ராக். கீபோர்டு ஒன்றில், குரல் ஒன்றில் என்று எட்டைத் தனித்தனியாகப் பதிந்து சேர்த்துக் கேட்கலாம். யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்தது. இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

"எதுங்க நல்லது?"

"கம்ப்யூட்டர்ல தப்பு பண்ணா நூறு தடவை பின்னால போகலாம். இதுல ஒரே ஒரு படி. அதுக்கு மேல போனது போனதுதான். நீங்க தப்பு பண்ற ஆளா?"

எதற்கும் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 7

லேப்டாப் என்றால் எதுவும் அழியாது. ஒரு பாட்டை நான்கு இடத்தில் வைக்கலாம். ஆனால் என்னை எனக்குத் தெரியும். கல்லூரியில் கடைசி வருட ப்ராஜெக்டைப் பத்தொன்பது தடவை திருத்தி, முதலில் எழுதியதையே கொண்டுபோய்க் கொடுத்தவள். ரெக்கார்டரில் திருத்த அதிகம் ஒன்றும் இல்லை. சிவப்புப் பொத்தான், பாட்டு, அவ்வளவுதான். அந்த "போனது போனதுதான்" மட்டும்தான் இடிக்கிறது.

அண்ணனிடம் கேட்டேன். பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டிக் கிடந்தான். "நீ பாடுவியா? உன் வாயத் தொறந்து பார்த்தே மாசக்கணக்கா ஆச்சு. முத்து கொட்டிடுமோன்னு பயம்தானே உனக்கு?" என்றான். பிறகு, சும்மா இராமல், "ரிவர்ஸ் இல்லாத வண்டிய எவனாவது வாங்குவானா?" என்றான்.

லேப்டாப்தான்.

மார்ச் 9

பெட்டியும் மைக்கும் வந்தாயிற்று. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் போர்வையைக் கட்டி உட்கார்ந்தேன். என் குரல் காதில் ஒரு கணம் தாமதமாக வந்தது, என் பின்னால் ஒருத்தி நின்று என்னைப் போலவே பாடிக் காட்டுவது போல. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் லேப்டாப் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள நாற்பது நிமிடம் கேட்டது.

சரியாகி விட்டதா, சரியாகி விட்டதா என்று பாடிப் பார்த்ததிலேயே இன்றைய பத்து நிமிடம் போயிற்று. ஒரு வரிகூடப் பதியவில்லை.

மார்ச் 12

எழுதவே வெட்கமாக இருக்கிறது. முதல் பாட்டை முப்பத்தொரு தடவை பாடியிருக்கிறேன். பத்து நிமிடம் எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. தெரியவில்லையா? தெரிந்தது. திரையில் என் குரல் மேடும் பள்ளமுமாக ஓடியது. ஒரு பள்ளம் பிடிக்காவிட்டால் மறுபடி. ஒன்பதாவதிலிருந்து ஒரு சொல், இருபதாவதிலிருந்து ஒரு சொல் என்று வெட்டி ஒட்டினேன்.

கேட்டேன். ஒரு பிசிறு இல்லை. யாரோ ஒருத்தி பாடுகிறாள்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் "அம்மா" என்று கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது.

ஆபீசில் ஒரு சீட்டில் எழுதிக் காட்டினேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு, தட்டச்சில் பதில் அனுப்பும் மேசைக்கு மாற்றினார். "மாசக் கடைசி வரைக்கும்தான். அப்புறம் யோசிக்கலாம்." எதை யோசிப்பார்? இந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எட்டு மணி நேரம் மன்னிப்புக் கேட்கிற வேலை. அதற்கும் குரல் வேண்டும்.

26ஆம் தேதிக்குள் இருக்கிற குரலையும் நானே கெடுத்துக்கொள்வேன் போலிருக்கிறது.

மார்ச் 14

நாள் முழுக்கப் பேசவில்லை. கடைக்குப் போய்ப் பெட்டியை மேசையில் வைத்து, ரெக்கார்டரைக் கைகாட்டினேன். சீட்டில், "நான் தப்பு பண்ற ஆள்தான். ஆனா திருத்த விட்டா நிறுத்த மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் இரண்டு தடவை படித்தார். "இதைத் திருப்பிக் கொண்டு வந்தா வாங்க மாட்டேன்மா. ஏற்கெனவே ஒருத்தன் கொண்டு வந்தது" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 15

கீபோர்டு வாசிக்கக் குரல் தேவையில்லை! இவ்வளவு நாளும் இது தோன்றவில்லை. ஒரு மணி நேரம் கீபோர்டை மட்டும் பதிந்தேன். பாட்டை வாய்க்குள்ளேயே, உதட்டை மட்டும் அசைத்து ஒத்திகை பார்த்தேன். கடைசியில் சிவப்புப் பொத்தான். விரலை இரண்டு தடவை வைத்து எடுத்துவிட்டு அழுத்தினேன். குரல் கொஞ்சம் கரகரப்பாகத்தான் இருந்தது. ஒரு தடவை பாடினேன். நான்கு நிமிடம்.

ஒரு பாட்டு ஆயிற்று.

மார்ச் 18

நான்கு.

மார்ச் 19

ஐந்தாவதில் பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் விழுந்திருக்கிறது. விட்டுவிட்டேன். மனசு ஆறவில்லை. ஆனாலும் விட்டுவிட்டேன்.

மார்ச் 21, சனி

ஏழாவது. இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது. கடைசிச் சரணத்தில் என் குரல் போகக்கூடிய உச்சம் வரை போக வேண்டும். 26க்குப் பிறகு வருமா என்று யாரும் சொல்லாத இடம். போனேன். உடையவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இனி என்ன ஆனாலும் பரவாயில்லை என்று ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், தோன்றியது.

மார்ச் 22, ஞாயிறு

அழித்துவிட்டேன். நானே. என் கையாலேயே.

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். ஏழாவது பாட்டுக்கு இன்னொரு ட்ராக்கில் துணைக்குரல் ஒன்று சேர்க்க ஆசைப்பட்டேன். சிவப்புப் பொத்தானைப் பார்த்தாலே இன்னும் பயமாக இருக்கிறதே, பொத்தானை அழுத்திக்கொண்டே ஒத்திகை பார்த்தால் பயம் தெளியும் என்று நினைத்தேன். காலி ட்ராக்தானே, என்ன ஆகிவிடும்? அழுத்திவிட்டு, உதட்டை மட்டும் அசைத்து முழுப் பாட்டையும் பாடினேன். காதில் கீபோர்டு மட்டும் கேட்டது. நேற்றைய குரலை நான்தான் குறைத்து வைத்திருக்கிறேன் என்று இருந்துவிட்டேன்.

ட்ராக்கை மாற்றவில்லை. நேற்றைய குரலின் மேலேயே பதிந்திருக்கிறேன். சத்தமே இல்லாமல்.

ஒரு படி பின்னால் போக வழி இருந்தது. இருந்ததே! கையும் ஓடல, காலும் ஓடல, எதையோ அழுத்தினேன், அது மறுபடியும் பதிவு. அந்த ஒரு படியும் போச்சு.

இப்போது அங்கே என் மூச்சு இருக்கிறது. உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம். கடைசியில் தூரத்தில் அம்மா, "சாப்பிட வாடி" என்பது. நான்கு நிமிடம் இருபது விநாடி.

உடனே மறுபடி பாடிப் பார்த்தேன். உச்சத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. ஐயோ, எனக்குப் புத்தி வரவே வராதா?

மார்ச் 23

ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனை. டாக்டர் குழாய்க் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "வீக்கம் கூடியிருக்கு. நேத்து என்ன பண்ணீங்க?" தலையைக் குனிந்துகொண்டேன். இனி 26 வரை ஒரு சொல் கூடாது. பாட்டு கூடவே கூடாது.

அப்படியென்றால் ஆறுதான்.

மார்ச் 24

அம்மா லாண்டரி வேலை முடிந்து வந்ததும் என் முகத்தைப் பார்த்து, "ஆபரேஷனுக்கா இப்படிப் பயப்படுற?" என்றாள். இல்லை என்று தலையாட்டி, நடந்ததை எல்லாம் நோட்டில் எழுதிக் காட்டினேன். எழுதிய பிறகுதான் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே நேரமாகும் என்று உறைத்தது. விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"எது, அந்தக் குடைப் பாட்டா?"

நோட்டில் நான் ஏழாவது பாட்டு என்று மட்டும்தான் எழுதியிருந்தேன்.

துணியை மடித்துக்கொண்டே அம்மா சொன்னாள். பாடவில்லை. அம்மாவுக்குப் பாட வராது. லாண்டரியில் உருப்படி எண்ணுகிற குரலில், "பூட்டின கடை வாசல்ல ஒரு குடை காத்திருக்கு" என்று தொடங்கிக் கடைசிச் சரணம் வரை, ஒரு சொல் விடாமல்.

"குழாயை இப்படித் திறந்து விடுறாளேன்னு தினமும் திட்ட வருவேன். திட்டினா பாட்டு நின்னுடும். அதான் தண்ணி போனா போகட்டும்னு போயிடுவேன்."

பதில் பேசக் கூடாது. அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. பேசியிருந்தால் ஓவென்று அழுதிருப்பேன்.

மார்ச் 25

ஆறு பாட்டையும் லேப்டாப்பில் ஒரு நகல், அண்ணன் போனில் ஒரு நகல் எடுத்து வைத்தேன். கேட்கக் கூடாது என்று அவனுக்கு எழுதிக் காட்டினேன். "சத்தியமா கேக்க மாட்டேன்" என்றான். அவன் சத்தியம் எனக்குத் தெரியும்.

பயமாக இருக்கிறது. வேறு எதுவும் எழுத வரவில்லை.

மார்ச் 27

முடிந்தது. ஒரு வாரம் மௌனம். முன்பும் பெரிதாகப் பேசியதில்லை, வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

டாக்டர் எதிரில் முதல் சத்தம். "ஆ." கீழே இருந்து வந்தது. என்னுடையதுதான், ஆனால் தடிமனாக. மேலே ஏற்றச் சொன்னார். ஏறி, ஏறி, ஓர் இடத்துக்கு மேல் வெறும் காற்று. "இன்னும் மாசங்கள் இருக்கு. வரலாம். வராமலும் போகலாம்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். ஓட்டியது அண்ணன். இறங்கும்போது, "மூணாவது பாட்டு நல்லா இருந்துச்சுடி" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

ஏப்ரல் 17

மேல் ஸ்வரம் இரண்டு இன்னும் வரவில்லை. தட்டச்சு மேசையிலேயே இருந்துகொள்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் வாய்விட்டுக் கேட்டேன். சரி என்றார். கேட்க இவ்வளவு பயந்தேனே.

மே 2, சனி

குடைப் பாட்டின் ஸ்ருதியை இரண்டு படி இறக்கி, கீபோர்டைப் புதிதாக வாசித்துப் பதிந்தேன். போர்வை கட்டவில்லை, அறையில் புழுக்கம். கதவும் திறந்தே இருந்தது. அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ட்ராக் எண்ணை மூன்று தடவை பார்த்தேன். பிறகு பாடினேன், சத்தமாகவே.

இரண்டாவது சரணத்தில் அண்ணன் தும்மினான். அவன் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தான். நான் நிறுத்தவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூவரும் ஒரு தடவை போட்டுக் கேட்டோம். தும்மல் தெளிவாகக் கேட்கிறது. அப்படியே வைத்துக்கொண்டேன்.