ரோமரும் பழனிசாமியும்

என் செல்லத் தம்பி முகிலனுக்கு,

நீ பாடம் நடத்திய பல்கலைக்கழகத்தில் உன் நினைவாக வருஷா வருஷம் ஒரு சொற்பொழிவு வைக்கப் போகிறார்கள். அழைப்பிதழின் மாதிரியை எனக்கு அனுப்பியிருந்தார்கள். பார்த்ததும் பகீரென்றது. 'பழனிசாமி நினைவுச் சொற்பொழிவு'! அப்பாவோ இங்கே ரவுண்ட் ராக்கில், என் வீட்டில், என் எதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

நமக்கேது சர்நேம்? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது, அமெரிக்காவும் உன்னை அப்படியே கூப்பிட்டது. உன் மாணவி எமிலிக்கு போன் செய்து, முகிலன் என்று மாற்றச் சொன்னேன். அவள் தயங்கினாள். கட்டுரை, அடிக்குறிப்பு, நூலகம் எல்லாவற்றிலும் நீ பழனிசாமிதானாம். பெயரை மாற்றினால் உன்னை யாருக்கும் தெரியாதாம். தங்கள் துறைக்கே இதே சிக்கல்தான் என்று சொல்லிச் சிரித்தாள்.

எங்கள் ஆபீஸில் பைசாண்டைன் என்றால் ஆளுக்கொரு தகவல் சொல்லும் கம்ப்யூட்டர் சர்வர் கோளாறு. நீ படிப்பதும் அதுதான் என்று கோயிலில் எல்லோரிடமும் பெருமையடித்து வைத்திருந்தேன். உன் பைசாண்டைன், ஆயிரம் வருஷம் நின்ற கிழக்கு ரோம ராஜ்யம் என்று எமிலி சொல்லித்தான் தெரிந்தது. அந்த மக்கள் தங்களை ரோமர் என்றுதான் சொல்லிக்கொண்டார்களாமே? ராஜ்யம் விழுந்து நூறு வருஷம் கழித்து, ஜெர்மனியில் ஓர் அறிஞர் பைசாண்டைன் என்று வேறு பெயர் வைத்தாராம். பிறகு பாரிஸில் அவர்கள் நூல்களை அச்சிட்டார்களாம். அடுத்து வந்த மேதாவிகள் அந்த ஆயிரம் வருஷத்தையும் அழுகல் என்று ஒதுக்க, மியூனிக்கில் ஒருவர் தனி இதழ் தொடங்கித் துறையையே நிமிர்த்தினாராம். இப்போது அந்தப் பெயரை மாற்றலாமா என்று சண்டை.

ஒட்டும் உறவும் இல்லாத மக்களுக்காக எத்தனை தலைமுறை உழைத்திருக்கிறது! அந்த வரிசையில் கோபிச்செட்டிபாளையத்துப் பையன் நீயும் நிற்கிறாய். நினைத்தாலே மெய் சிலிர்க்கிறதடா. இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்லவில்லை?

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கை கழுவிவிட்டு வந்தார்.

"எம் பேரே இருக்கட்டும் கண்ணு. அவனத் தேடி வர்றவங்க எம் பேரு வழியாத்தான வரோணும்?"

"உசுரோட இருக்கறப்ப நினைவுன்னு போட்டா அபசகுனமாட்ட இருக்குதுங்கப்பா."

"பையனே போயிட்டான். இதுக்கு மேல என்ன சகுனம்?"

அழைப்பிதழ் அப்படியே அச்சுக்குப் போகிறது. அப்பாவைக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைப்பேன். மேடையில் பழனிசாமி என்று யார் சொன்னாலும், அவர் பக்கத்திலிருந்து நான் முகிலா என்று சொல்வேன். வருஷா வருஷம் சொல்வேன், இது சத்தியம்டா.

உன்னைப் பெயர் சொல்லியே கூப்பிடும்
உன் அக்கா