கதிர்க்குருவி இல்லை என்று எழுதிய பதினோரு வாரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே அவரவர் தகுதிக்கேற்ற சுகத்தோடு இருக்கிறோம். நீயும் சுகமாக இருப்பதாக அப்பா சொல்கிறார், ஆனால் அவர் யாரைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் காலை உடைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தபோதுகூட நல்லாத்தான் இருக்கார் என்றவர், ஆகவே உன் சுகத்தை உன் வாயால் கேட்டால்தான் எனக்குத் திருப்தி. ஏழு ஞாயிறாக நீ போன் செய்கிறாய், அப்பாவிடம் பேசுகிறாய், அம்மா எங்கே என்று கேட்காமலே வைத்துவிடுகிறாய். என்ன காரணம் என்று பிடிபடாமல் நம் பழைய சண்டைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன், தகுதியுள்ளவை நாலைந்து கிடைத்தன, ஆனால் எதுவும் புதிதல்ல. போன வியாழக்கிழமைதான் உண்மையான காரணம் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நடுவில் பறவைகள் நிறைய வரும், தாண்டிப் போய்விடாதே, காரணம் அவற்றுக்குள்தான் உட்கார்ந்திருந்தது.

குளிர் தொடங்கியபோது எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது. மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, தினமும் காலையில ஒரு மணி நேரம் நடங்கம்மா என்றார். சும்மா நடக்க எனக்கு வராது என்றேன். உனக்குத்தான் தெரியுமே, அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் மெய்ப்புத் திருத்தியவள், கண்முன்னால் ஒன்று இருந்தால் அதில் பிழை பார்க்க வேண்டும், இல்லையென்றால் எனக்குப் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது. அவர் உடனே மேஜைக்கு அடியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து சுற்று வட்டாரத்தில் பறவைக் கணக்கு எடுக்கிறார்களாம், ஆளுக்கொரு இடம், குளிர்காலம் முழுக்க, வசந்தம் வரும்வரை, வாரம் ஒரு படிவம். செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் குளத்தையும் அதை ஒட்டிய வயலையும் எடுத்துக்கொள்ள ஆளில்லையாம். எனக்குக் காக்காவையும் கொக்கையும் தவிர ஒன்றும் தெரியாதே என்றேன். கொக்குல ஆரம்பிங்க, அது ஓடாது, நின்னு காட்டும் என்றார்.

நின்று காட்டத்தான் செய்தது. ஒற்றைக்காலில் நிற்கிறதே, எந்தக் காலில் என்று யாராவது பார்த்திருக்கிறார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்து, பதினோரு நாள் காலையில் தொடர்ந்து குறித்து வைத்தேன். இடதுகால் ஏழு, வலதுகால் நாலு. இதிலிருந்து என்ன தெரிகிறது என்று மருந்துக்கடைக்காரரைக் கேட்டதற்கு, நீங்க ஒழுங்கா நடக்கலன்னு தெரியுது என்றார். பிறகு நீர்க்காகம். முங்கி எழுந்து கல்லில் ஏறி இரண்டு இறக்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு நிற்கும், சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டு மாற்றுச்சட்டை இல்லாமல் காத்திருக்கும் ஆளைப் போல. தண்ணீரில் பிழைக்கிற பறவைக்கு ஏன் இறக்கை நனைகிறது, வாத்துக்கு நனைவதில்லையே, இதைப் படைப்பில் விழுந்த அச்சுப்பிழை என்றே முதலில் நினைத்தேன். இறகு நனைந்தால்தான் கனம் கூடி ஆழத்துக்கு முங்க முடியும் என்று நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்த பிறகு, திருத்தக் கையெடுப்பதற்கு முன் இரண்டு முறை வாசிக்க வேண்டும் என்ற பழைய பாடம் நினைவுக்கு வந்தது. வாலாட்டிக் குருவி ஒன்று கரையில் தினமும் எனக்கு முன்னால் நடக்கும், மேலதிகாரி வருகிறார் என்று தெரிந்த குமாஸ்தாவைப் போல விறுவிறுவென்று பத்தடி, நின்று வாலை ஆட்டும், மறுபடி பத்தடி, எங்கேயும் போய்ச் சேராது. மூன்றாவது வாரம் நீல நிறத்தில் ஓர் அபூர்வப் பறவையைக் கண்டுபிடித்து, அரை மணி நேரம் மூச்சை அடக்கிப் பார்த்து, அளவெல்லாம் குறித்துக்கொண்டேன். அது யாரோ எறிந்த உரப்பை. அதைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டாம்.

அப்பாவும் கூட வருவார். வழித்துணைக்கு என்று நான் சொல்லிக்கொண்டேன், திரும்பும் வழியில் டீக்கடை இருப்பதால் என்று அவர் சொல்லிக்கொண்டார். அவருடைய காது விஷயம் நம் வீட்டுச் சட்டம் போல உனக்கும் தெரியும், மர அறுவை மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்குக் காது மந்தம், எதையும் மூன்று முறை சொல்ல வேண்டும், நாலாவது முறை கத்த வேண்டும். ஆகவே பறவைக் கணக்கில் அவருக்கு நான் பங்கு கொடுக்கவில்லை. நோட்டும் தொலைநோக்கியும் என் கையில், தண்ணீர் பாட்டில் அவர் கையில். நான் எழுதும்போது அவர் நாணலைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார்.

படிவத்தில் கதிர்க்குருவி என்று ஒரு வரி இருந்தது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும், சருகு நிறம், நாணலுக்கு உள்ளேயே குடித்தனம், லேசில் கண்ணில் படாது. பார்க்கவே வேண்டாம்மா, கத்துறது கேட்டாலே போதும், அதுவும் கணக்குதான், ஊசி குத்துற மாதிரி சன்னமா ஒரு சத்தம் வரும் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் நின்றேன், கேட்டேன், ஒன்றுமில்லை. இல்லை என்று எழுதினேன். மறுவாரமும் இல்லை. மற்றவர்களின் படிவங்கள் கடைச்சுவரில் ஒட்டியிருக்கும், எல்லா இடத்திலும் எட்டு, பத்து, பதினைந்து என்று இருக்க, என் குளத்தில் மட்டும் இல்லை. எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு குளத்தை மட்டும் ஒரு பறவை ஏன் வெறுக்க வேண்டும்? தண்ணீரை மோந்து பார்த்தேன். சூளைப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று காகிதத்தைக் கிழித்துப் பறக்கவிட்டேன். கடைசியில் என் சந்தேகம் குளத்தின் தென்கரையில் புதிதாக முளைத்த போன் கோபுரத்தில் வந்து நின்றது. அவ்வளவுதான், உன் அம்மாவுக்குப் பேனா கிடைத்துவிட்டது. கோபுரத்தை எடுக்கச் சொல்லி நீர்வளத் துறைக்கு நாலு பக்கத்துக்கு ஒரு மனு. பத்தி பத்தியாக, எண் போட்டு, ஒரு எழுத்துப்பிழை இல்லாமல். ஒரு சிற்றுயிர் தன் குரலை இழந்த குளத்தில் என்று ஒரு வரிகூட இருந்தது, அதை எழுதி முடித்து நானே இரண்டு முறை வாசித்து ரசித்தேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், சத்தமாகத்தான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அனுப்பத்தான் போறியா என்றார். ஏன், அனுப்பக் கூடாதா என்றேன். இல்ல, சும்மா கேட்டேன் என்றார்.

அரசாங்கம் மனுவைப் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில்தானே எல்லாரும் மனு எழுதுகிறோம். இவர்கள் படித்துவிட்டார்கள். பதினோராவது வாரம் துறையிலிருந்து ஓவர்சியர் ஒருவர் கோப்பும் கையுமாக நேரே குளத்துக்கு வந்தார். நான் கோபுரத்தைக் காட்டினேன், நாணலைக் காட்டினேன், பதினோரு வாரப் படிவத்தைக் காட்டினேன். அந்த மனிதர் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து நின்றார். பிறகு, மரியாதையாகத்தான், ஏம்மா, எந்தப் பறவை இல்லன்னு எழுதியிருக்கீங்க, இந்தா கத்திக்கிட்டிருக்கே, இதுவா என்றார். எது என்றேன். இதுதாம்மா, காது கிழியுதே என்றார். எனக்குக் காற்றில் நாணல் உரசுவது கேட்டது, தூரத்தில் லாரி கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். ஓர் ஒத்தாசைக்குத்தான், காது மந்தமான மனுஷன், எனக்குக் கேட்கலம்மா என்றாவது சொல்வார் என்று. அவர் பாட்டிலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, அது முத நாள்லேருந்து கத்துது என்றார்.

ஓவர்சியர் நல்ல மனிதர், குறித்துக்கொண்டோம் என்று சொல்லிக் கோப்பை மூடிக்கொண்டு போய்விட்டார். நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். கேக்குதுன்னா ஏன் சொல்லல என்றேன். நீ எழுதும்போது குறுக்க பேசுனா வள்ளுன்னு விழுவ, அதான் என்றார். உங்களுக்குத்தான் காது கேக்காதே என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், நீ உட்கார்ந்து படி. எனக்கு நல்லாக் கேக்கும், மொத தடவையே பதில் சொன்னா அதுக்கு மேல ரெண்டு கேள்வி வருது, மூணாவது தடவை சொன்னா வர்றதில்ல. இப்படியாக நம் வீட்டுச் சட்டம் அந்தக் கரையிலேயே ரத்தாகிவிட்டது. முப்பது வருஷமாக ஒரு நல்ல காதைப் பார்த்து நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பாதி நேரம் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன், மெஷின் ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டு. டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், ஒரு கோடு போட்ட காகிதத்தைக் காட்டினாள், கோடு பாதிவரை சமமாக வந்து பிறகு மாடிப்படியில் தவறி விழுந்தது போல இறங்கியது. கனத்த சத்தமெல்லாம் கேக்கும்மா, கீச்சுக்குரல்தான் போயிருக்கு, பல வருஷமா கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கும், ஆம்பளைங்க பேசறது புரியும், பொம்பளைங்க, குழந்தைங்க பேசறது, அதுலயும் போன்ல, பாதி எழுத்து விழுந்துடும், நீங்க மிச்சத்தை ஊகிச்சுக்குவீங்க என்றாள். அச்சகத்தில் எழுத்து விழுந்தால் மூலப்பிரதியைக் கொண்டுவா என்பேன், ஒருபோதும் ஊகித்ததில்லை.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம்.  அப்பா என் பக்கம் திரும்பி, அப்போ அன்னிக்கு நம்ம பொண்ணு போன்ல சொன்னது உனக்குக் கேக்கவே இல்லையா என்றார். என்னிக்கு, என்ன சொன்னா என்றேன். அவர் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று மாதமாக உன் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒழுகுவதையும் வேலைக்காரன் இழுத்தடிப்பதையும் நீ சொல்லிவந்தாய். அன்றைக்கு என் காதில் விழுந்தது, இந்த வாரம் முடிஞ்சுடும்மா என்பது. நான் சொன்னேன், ரொம்ப நல்லது, இழுத்துக்கிட்டே போகாம ஒரு முடிவுக்கு வந்தியே, நிம்மதி. நீ அப்பாட்ட குடும்மா என்றாய், அது மட்டும் சரியாகக் கேட்டது. நீ உண்மையில் சொன்னது, இந்த வருஷம் வர முடியாதும்மா என்பது.

நான் நிம்மதி என்றதை அப்பாவிடம் நீ அழுதுகொண்டே சொன்னாயாம், அம்மாகிட்ட கேக்காதீங்க என்றும் சொன்னாயாம், அவரும் கேட்கவில்லை. ஏன் சந்தேகப்படல, பெத்த பொண்ணு வரலைங்கறதுக்கு எவளாவது நிம்மதின்னு சொல்லுவாளா என்று அவரிடம் பாய்ந்தேன். அவர் நிதானமாக, வேற யாராவது சொல்லியிருந்தா சந்தேகம் வந்திருக்கும், நீ சொல்லக்கூடிய ஆள்தானே என்றார். எதிர்ப் பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் எங்களையே பார்த்தார்கள்.  குத்தலாகப் பேசுவது எனக்குப் பழக்கம், அது வீட்டில் எல்லாருக்கும் புரியும் என்று நினைத்திருந்தேன். புரிந்திருக்கிறது, புரிந்து புரிந்து, நான் எதை வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன் என்று நீங்கள் இருவரும் நம்பும் அளவுக்கு ஆகியிருக்கிறது. காது போனது பெரிய விஷயமல்ல, அதற்கு மெஷின் இருக்கிறது.

பறவைக் கணக்கில் பதினோரு வரியையும் அடித்துவிட்டு, என் காதில் விழவில்லை, பறவை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். துறைக்கும் ஒரு வருத்தக் கடிதம், அரைப் பக்கம், அலங்காரம் இல்லாமல். உனக்கும் செய்ய வேண்டியதைச் செய்கிறேன். ரொம்ப நல்லது என்பது பிழை, ஏண்டி கண்ணு, என்ன ஆச்சு என்று திருத்தி வாசிக்கவும். நிம்மதி என்பது பிழை, அந்தச் சொல்லை எடுத்துவிடவும், அந்த இடத்தில் போடுவதற்கு என்னிடம் சொல் இல்லை, வெற்றிடமாக விடவும்.

வாலாட்டிக் குருவிகள் போன வாரத்தோடு கிளம்பிவிட்டன, கரையில் எனக்கு முன்னால் நடக்க ஆளில்லை. மரங்களில் தளிர் விட்டிருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு, குழாய் இன்னும் ஒழுகினால் அந்த ஆளை மாற்று. எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் சேதமில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம், இந்த ஒரு வரியில் குத்தல் எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை காதுக்கு மெஷின் மாட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மறக்காமல் என்னைக் கேள், ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகப் பேசு, கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்வேன், ஊகிக்க மாட்டேன். நீ ஏன் வர முடியவில்லை என்ற காரணம் அப்பாவுக்குத் தெரியும். நேற்று, சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அவள் வாயாலேயே சொல்லட்டும், எனக்குக் கேட்கும்வரை சொல்லட்டும் என்றேன்.

இப்படிக்கு,
போன் பக்கத்தில் நாற்காலி போட்டிருக்கும்
உன் அம்மா