விறகுக்குப் பின்னால் பதினொரு புத்தகங்கள்

உர்ஹோ,

சால்மன் சூப் அடுப்பில் இருக்கிறது. சுடவைத்துக் குடி. நான் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போகிறேன்.

காலையில் சௌனா நீராவிக் குளியலுக்கு விறகெடுக்கப் போனேன். விறகுக்குப் பின்னால் என் நாவல், பதினொரு பார்சல்கள். நான் ஒட்டிய டேப்பைக்கூட நீ பிரிக்கவில்லை! உன் மீன்பிடிக் கூட்டாளிகள் பெயரில் ஆர்டர் போட்டது நீதானா? ஒவ்வொரு ஆர்டருக்கும் நான் சமையலறையில் குதித்தேனே, அப்போதெல்லாம் "அட, இன்னொண்ணு வித்துடுச்சா?" என்று எவ்வளவு அப்பாவியாகக் கேட்டாய்! கிறிஸ்துமஸுக்குள் நூறு பிரதி என்று ஃபிரிட்ஜ் கதவில் நான் எழுதியது உன் இரக்கத்தை நம்பியா?

உன் கூட்டாளி வெய்க்கோ மீன்பிடிக்கக் கூப்பிட வருவான். பனியில் துளை போடும் கருவி கொட்டகையில் இருக்கிறது, சாவி ஆணியில். போன வாரம் அவனிடம், "நாவல் பிடிச்சிருந்துதா?" என்று கேட்டேன். திருதிருவென விழித்தான். இப்போதுதான் புரிகிறது.

பத்துப் பார்சல்களைச் சந்தையில் விற்கப்போகிறேன். காசு உனக்குத்தான், எனக்கு வேண்டாம். ஃபிரிட்ஜ் கதவில் இருந்த கணக்கிலிருந்து பதினொன்றையும் கழித்துவிட்டேன்.

சிர்க்கா

பி.கு.: மீதி ஒன்றைப் பிரித்து உன் தலையணைமேல் வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கம்வரை படி. நீ வாங்கியதில் அதை மட்டும் விற்றதாக எழுதிக்கொள்கிறேன்.