துணி சுற்றிய குழாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போன வாரம் ஒரு வேடிக்கை. ஏழாம் மாடியில் ஒரு காலி வீட்டுச் சமையலறையில் புதுக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தேன். தொட்டிக்கு அடியில் கிடந்த என்னைக் கவனிக்காமல் சூப்பர்வைசர் வெளியே பூட்டிவிட்டுப் போய்விட்டார். என் போன் கீழே வேலை வண்டியில் கிடந்தது. கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கியதுதான் மிச்சம். தண்ணீருக்குப் பஞ்சமில்லை, நான் மாட்டிய குழாயாயிற்றே! சாயங்காலம் வந்து திறந்தவர், "அட, நீ இங்கயா இருக்க?" என்றார். அவ்வளவுதான், கவலைப்படாதீர்கள்.

நம் அடுப்படியில் ஒழுகும் குழாயில் இன்னும் துணிதான் சுற்றியிருக்கிறதாமே? "எம்புள்ளையே குழாய்க்காரன், அவன் வந்து மாத்துவான்" என்று வேறு ஆளை வாசலோடு திருப்பி அனுப்புகிறீர்களாம். தங்கை சொன்னாள்.

கம்பெனி என்னைக் கேட்காமலே ஒப்பந்தத்தை இரண்டு வருஷம் நீட்டிவிட்டது. என் பாஸ்போர்ட் அவர்கள் பீரோவில், அதனால் இப்போதைக்கு வர முடியாது. ஊருக்கு வரும் மேஸ்திரியிடம் நல்ல குழாய் ஒன்று கொடுத்தனுப்புகிறேன். பழைய குழாயின் அளவை மட்டும் தங்கையை உடனே எழுதச் சொல்லுங்கள்.

வேலை வண்டி ஹாரன் அடிக்கிறது. குழாய் மாட்ட ஆள் வந்தால் உள்ளே விடுங்கள், அம்மா.

உங்கள் மகன்