கறுப்பு வெள்ளையில் பேத்தி முகம்

என்னங்க,

பேர் சொல்லி உங்களை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் மட்டும் எப்படி வரும்?

நம் பேத்தி நடக்கிறாள். வேளச்சேரியிலிருந்து மகள் கூட்டி வந்தால், மந்தைவெளி வீட்டுக்குள் நுழைந்ததும், நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும், நேரே உங்கள் கட்டிலுக்குத்தான் ஓடுகிறாள். யாரைத் தேடுகிறாளோ?

அவள் பிறந்தபோதே சர்க்கரை நோய் உங்கள் பார்வையை முக்கால்வாசி தின்றுவிட்டிருந்தது. இனி திரும்பாது என்று டாக்டரும் சொல்லியாயிற்று. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "மூஞ்சி யாரு மாரி கீது வசந்தா?" என்று கேட்டீர்கள். நான் சொல்லிக் கேட்டால் பார்த்ததாகுமா?

மாப்பிள்ளையின் கேமராவில் படம் எடுத்து டிவியில் போட்டோம். மூக்கு இடிக்கிற அளவுக்குத் திரையிடம் போய் நின்று, "வெறும் பொக மாரி கீதே" என்றீர்கள். படத்தின் சாயலை மாற்ற கேமராவுக்குள்ளேயே வழி இருக்கிறது என்று மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்தார். மிக்ஸியைத் தவிர எதையும் திருகியறியாத நான் வண்ணத்தைக் கூட்டி மறுபடி எடுத்தேன். குழந்தை மஞ்சளாய்ப் போனதுதான் மிச்சம். கூர்மையைக் கூட்டிப் பார்த்தேன். அதுவும் உதவவில்லை.

கடைசியில் வண்ணமே வேண்டாமென்று கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்துக் காட்டும் கான்ட்ராஸ்டை முழுக்க ஏற்றினேன். குழந்தைக்குப் பின்னால் என் கருநீலப் புடவையை விரித்து எடுத்தேன்.

"இன்னாம்மா, கலர் கேமராவ வச்சிக்கினு இப்டி எடுக்கறே?" என்று மகள் அலுத்துக்கொண்டாள்.

டிவியில் படம் வந்தது. திரையில் விரலால் ஓரமாகத் தடவிக்கொண்டே போனீர்கள். அப்புறம் சிரித்தீர்கள். "காது என்னுது. மூக்கு உன்னுது, பாவம்!"

அலுத்துக்கொண்டவள் அடுப்படிக்குள் போய் அழுதாள்.

பிறகு ஒரு நாள் என்னையும் உட்காரவைத்து எடுக்கச் சொன்னீர்கள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவ்ளோ நரச்சிப் போச்சா ஒனக்கு?" என்றீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு என்னை அப்படி உற்றுப் பார்த்தது அன்றைக்குத்தான், இல்லையா? ரொம்ப நன்றிங்க.

கேமராவை மாப்பிள்ளை என்னிடமே விட்டுவிட்டார். அதற்கு இப்போது வேலை வந்திருக்கிறது. பட்டினப்பாக்கத்திலிருந்து நமக்கு மீன் கொண்டுவரும் பிலோமினாவுக்கும் கண் மங்கிவிட்டது. வருகிற வாரம் அவள் மகனுக்குக் கல்யாணம். கூடையை வாசலில் இறக்கிவைத்து, "மருமவ மூஞ்சிய பாக்காமலே போய்டுவேன் போலகீதுக்கா" என்றாள். உங்கள் கதையைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அந்த கேமராவ எட்துக்கினு மாதா கோயிலுக்கு வந்துடு" என்றாள்.

போகிறேன். உங்களுக்குத் துலங்கியது அவளுக்கும் துலங்குமா? தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி எடுப்பேன். மருமகள் முகத்தை அவளுக்குக் காட்டாமல் வீடு திரும்ப மாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரி,
வசந்தா