அப்பாவின் கையும் பாண்டியனின் இங்கிலீஷும்

அம்பத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பிரசன்னாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் கார்த்திகாவும் குழந்தையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன், அப்பா நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயையே பார்ப்பார், அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த வீட்டு ஜமீலாவின் மகன் யூசுப் உன் ஊருக்குத்தான் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவுக்குக் கை ஆடுகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், இப்போது பயமில்லை என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். நடந்ததைக் கேள். போன மாதம் அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது மடியில் கிடந்த வலது கை தானாக ஆடியதைப் பார்த்தேன். கேட்டதற்கு, ஃபேன் காத்து என்றார். ஃபேன் காற்றில் கை ஆடும் என்று சொல்கிற மனுஷனைத்தான் ஆவடி டேங்க் தொழிற்சாலையில் சார்ஜ்மேன் ஆக்கி ஆட்களை மேய்க்க விட்டார்கள். இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. அதனால் உன் பாண்டியன் மாமாவை வரச்சொன்னேன். என் கூடப் பிறந்தவன் என்று சொல்லவே நாக்கு கூசுகிறது. கரையான்சாவடியில் செல்போன் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறானே, அந்த வெயிலிலும் டை கட்டிக்கொண்டு வந்து நின்றான். நான் வாயைத் திறந்ததும், "இன்னாக்கா நீ, கம்முனு இரு, நான் பேசிக்கிறேன்" என்று என்னை ஓரம் கட்டிவிட்டு டாக்டரிடம் ஷிவரிங், ஷிவரிங் என்றான். அவர் குளிர்காய்ச்சல் என்று நினைத்துவிட்டார். ரத்தம் எடுத்து, படுக்கவைத்து, சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திவிட்டார்கள்.

மறுநாள் காய்ச்சலே இல்லையே என்று டாக்டர் குழம்பியபோதாவது இந்தப் பிரகஸ்பதி சும்மா இருந்திருக்கலாம். ஜெர்க் என்று ஒரு புது வார்த்தையை எடுத்துவிட்டான். உடனே வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்ட மயக்கத்தில் அப்பா பாத்ரூமில் விழுந்து புருவத்தில் தையல் போடும்படி ஆனது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் இவன், இங்கிலீஷில் இதற்கு ஷேக், டிரம்பிள், ட்விட்ச் என்று வகைவகையாக இருக்கிறது, தமிழில் நடுக்கம் என்று ஒன்றுதான், அதுதான் சிக்கல் என்று பாடம் நடத்தினான். குளிரில் உடம்பு வெடவெடக்கும், பயத்தில் கால் உதறும், கண் துடிக்கும், பஸ் குலுக்கும், வயசானால் தலை ஆடும். எங்கள் அம்மாவிடம் பால் குடித்தவனுக்கு இது ஒன்றும் தெரியாதாம். நீயும் அன்றைக்கு போனில், ட்விட்ச்சா ட்ரெமரா சரியாகச் சொல்லும்மா என்றுதானே கேட்டாய். மாமா இருக்கிற இடத்தில் மருமகன் இல்லாமலா.

ஜெபா என்று ஒரு நர்ஸ், தையலைப் பார்க்க வந்தவள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, கை சும்மா இருக்கும்போது ஆடுதா, எதையாவது எடுக்கும்போது ஆடுதா?" என்று கேட்டாள். அவ்வளவு நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அழ ஆரம்பித்துவிட்டார். சும்மா இருந்தால்தான் ஆடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது, ஒரு வருஷமாகவே இப்படித்தான் என்றார். உன் சண்முகசுந்தரம் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்துப் படுக்கையில் கொண்டுபோய் விட்டது அல்லவா. அதே வியாதி என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. பாண்டியன் சொன்ன இங்கிலீஷ் தப்பு என்பதும் தெரிந்திருக்கிறது. காய்ச்சலாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு கம்பளிக்குள் வியர்த்துக் கிடந்திருக்கிறார். இதற்குப் பெயர் தைரியமாம். ஒரே கட்டிலில் படுக்கிற எனக்குத் தெரியாமல் ஒரு வருஷம் ஒருத்தர் தனியாகப் பயந்திருக்கிறார் என்றால் நான் எதற்கு இந்த வீட்டில்.

ஜெபா சொல்லி நரம்பு டாக்டர் வந்து பார்த்து பார்க்கின்சன் என்றார். குணமாகாது, ஆனால் மாத்திரையில் கட்டுக்குள் வைக்கலாம், பெரியப்பா மாதிரி விட்டுவிடாமல் நேரத்தில் வந்தீர்கள் என்றார். ஆஸ்பத்திரியில் நான் போட்டுவிட்ட சட்டைப் பொத்தானை இப்போது அவரே போட்டுக்கொள்கிறார். நேற்று பாண்டியன் வந்து, அந்த நரம்பு டாக்டர் சொன்ன வார்த்தைக்கு ஸ்பெல்லிங் கேட்டான், வகுப்பில் சொல்லித்தரவாம். காப்பி கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். அதற்குக் கோபித்துக்கொண்டு உனக்கு போன் செய்வான், செய்யட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கார்த்திகாவிடம் எரிந்து விழாதே, குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடு. எல்லாம் வல்ல இறைவன் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். ஒன்று மறக்காதே. வீடியோ காலில் அப்பா தோளுக்கு மேலேதான் தெரிவார், கவனித்திருக்கிறாயா. அடுத்த தடவை வலது கையைக் காட்டச் சொல். ஆடினால் ஆடட்டும், ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிரு. காட்டிவிட்டாரானால், அதன் பிறகு நீ எப்போது ஊருக்கு வருகிறாய் என்று அவரிடம் சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
கோமளா சிவராமன்