இரண்டு பேர் ஃபில்டர்

நெய்வேலி,
வியாழன் காலை

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். தென்காசிப் பனியில் உங்கள் தும்மல் எப்படி இருக்கிறது? மாமாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

ஒன்றுமில்லாத சமாச்சாரம்தான், சிரிக்காதீர்கள். இங்கே என் காபி தேறவே மாட்டேன் என்கிறது. ஒரு ஆள்தானே என்று நம் ஃபில்டரில் பாதித் தூள் போட்டேன். தண்ணீர் நிற்காமல் இறங்கி, டிகாக்‌ஷன் வெளுத்துப்போனது. மறுநாள் வழக்கம்போல் நான்கு ஸ்பூன் போட்டேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றியதில் கசந்தது. அங்கே தண்ணீரை இறக்கியதும் நீங்கள் பேப்பரிலிருந்து எதையாவது வாசிப்பீர்கள், கேட்டு முடித்துத்தான் ஊற்றுவேன். அந்த நேரத்தில்தான் சூடு தணிந்திருக்கிறது.

பக்கத்து குவார்ட்டர்ஸ் சித்தீகா அக்கா, "ரெண்டு பேர் ஃபில்டர வச்சிக்கினு ஏன் அல்லாடுறீங்க? மந்தாரக்குப்பத்துல சின்னது கிடைக்குதுங்க" என்றார்.

இன்று ஆவியைப் பார்த்தபடி உங்களிடம் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். எதிர் பிளாக் பனிக்குள் கரைந்துபோக, நம் வீட்டு அடுக்களையில் நிற்பதாகவே தோன்றியது. பேசி முடித்தபோது தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

சிக்கரி குறைத்து அரைக் கிலோ தூள் அனுப்புங்கள். படித்த பேப்பரில் சுற்றி அனுப்பினால் போதும்.

இந்த முறையாவது ஆசிரியர் கலந்தாய்வில் இந்தப் பக்கம் மாறுதல் கேட்பீர்களா? போனில் கேட்டால் மாமாவின் உடம்பைச் சொல்வீர்கள், நானும் சரி என்றுவிடுவேன். ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. கேட்கப்போவதில்லை என்றால் சொல்லிவிடுங்கள், சின்ன ஃபில்டரையே வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள்
தேவயானி